குறையா, இயல்பா: என் அத்தையின் காது

என் அத்தைக்கு வேலை சத்தம் கேட்பது. கேலி செய்யவில்லை, நிஜமாகவே அதற்குத்தான் சம்பளம். லேப்டாப் பழுது பார்க்கும் ஒரு சர்வீஸ் சென்டரின் பின்பக்கத்தில் அவளுக்கென்று ஒரு சின்ன அறை. ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி மேடும் பள்ளமுமாகக் கறுப்புப் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரு மேசை, அதன்மேல் ரப்பர் விரிப்பு, ஒரு நாற்காலி. அவ்வளவுதான். “ஃபேன் ரொம்பச் சத்தம் போடுது” என்று யார் எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும் அது கடைசியில் அந்த மேசைக்கு வந்து சேரும். அத்தை கேட்டுவிட்டு இரண்டு வார்த்தையில் ஒன்றைச் சொல்வாள். குறை, அல்லது இயல்பு. குறை என்றால் புது ஃபேன் போட்டுக் கொடுப்பார்கள். இயல்பு என்றால் நன்றாகத் துடைத்து, பையில் போட்டு, கொண்டுவந்தவர் கையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுவார்கள்.

“ஊர்ல இருக்கற மெஷின் முனகறதெல்லாம் உங்க அத்தை காதுல விழும்டி. நான் பேசறது மட்டும் விழாது. அதுக்கும் யாராவது சம்பளம் குடுத்தா விழும் போல” என்பார் மாமா.

நான் அத்தையின் அண்ணன் மகள். பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் ஒத்துவரவில்லை. பத்தாவதில் இரண்டு பேரும் மனசாரப் பிரிந்துவிட்டோம். அப்பா லாரியோடு ஊர் ஊராகச் சுற்றுவதால் அத்தை வீட்டில்தான் வாசம். இங்கே என் பெயர் குரங்கு.

கேட்பதற்கு முன்னால் அத்தை செய்யும் ஆயத்தத்தைப் பார்த்தால் ஏதோ அறுவை சிகிச்சை என்று நினைப்பீர்கள். வளையலைக் கழற்றுவாள். கைக்கடிகாரத்தையும் கழற்றி அறைக்கு வெளியே வைப்பாள். லேப்டாப்பைத் திறந்து, கனமான நாலைந்து வேலையை ஒரே நேரத்தில் அதன் தலையில் கட்டுவாள். அது சூடாகி, மூச்சு வாங்கி, ஃபேன் வேகமெடுக்கும். அப்போது கண்ணை மூடிக்கொண்டு உட்காருவாள். காற்று போகிற சத்தம் என்றால் இயல்பு. உரசுவது, டக்கென்று இடறுவது, கீச்சென்று இழுப்பது எல்லாம் குறை. அந்த மேசையில் சத்தத்தை அளக்கிற மீட்டரும் ஒன்று உண்டு. வரம்புக்கு மேல் போனால் சிவப்பு விளக்கு எரியும். மேனேஜருக்கு அந்த மீட்டர்மேல் கொள்ளை ஆசை.

“மீட்டரே போதுமே அக்கா. எதுக்கு ஒரு ஆளும் தனி அறையும்?” என்று அவர் ஆரம்பித்து வெகுநாளாகிறது. பஞ்சை உரித்துவிட்டு அந்த அறையில் உதிரி பாகங்களை அடுக்க வேண்டுமாம்.

“மீட்டருக்கு எரிச்சல் வருமா, சார்?” என்று கேட்பாள் அத்தை. “சத்தம் எவ்வளவுன்னு அது சொல்லும். எரிச்சல் எவ்வளவுன்னு நான்தான் சொல்லணும்.”

இந்த ஒரே பதிலில்தான் அந்த அறையும் நாற்காலியும் அவள் கையில் நின்றுகொண்டிருந்தன. அதாவது, அவள் காதில்.

வீட்டிலும் அவள்தான் நீதிபதி. குளிர்சாதனப் பெட்டி உறுமினால் இயல்பு. குழாய் சொட்டினால் குறை, மாமாதான் குற்றவாளி. மாமாவின் குறட்டையைப் பற்றி நான் ஒருநாள் மனுப் போட்டேன். கதவோரம் நின்று கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, “இயல்புதான். ஆனா மெஷின் பழசு” என்று தீர்ப்புச் சொன்னாள்.

இப்படிப்பட்டவளை ஒரு சத்தத்தை வைத்து வீடு முழுக்க ஓடவிட வேண்டும் என்று எனக்குத் தோன்றாவிட்டால் நான் குரங்கே இல்லை. போனில் விதவிதமான சத்தங்கள் போடுகிற ஒரு செயலியை இறக்கினேன். இருப்பதிலேயே மெல்லிசாக, ஊசியால் காதைத் துளைக்கிற மாதிரி ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். தடித்த சத்தம் என்றால் சட்டென்று கண்டுபிடித்துவிடுவாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் தரையில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள். போனை அரிசி டின்னுக்குப் பின்னால் வைத்துவிட்டு எதிரே நல்ல பிள்ளையாக உட்கார்ந்தேன்.

எனக்குப் பல் கூசியது. அத்தை பூண்டு உரித்தாள்.

எழுந்து போய்ச் சத்தத்தை இன்னும் கூட்டிவிட்டு வந்தேன். அத்தை அடுத்த பூண்டை எடுத்தாள். “ஏன்டி மூஞ்சியை இப்படி வச்சிருக்க? வயித்து வலியா?”

பக்கத்து வீட்டு வாண்டு காதைப் பொத்திக்கொண்டு வாசலில் வந்து நின்றான். “என்னக்கா அது, கீச்சுன்னு?”

“என்னடா கீச்சு? ஒண்ணும் இல்லையே” என்றாள் அத்தை. ஒரு நொடி கண்ணை மூடி, அவளுடைய வேலை முகத்தோடு கேட்டாள். பிறகு தீர்மானமாகத் தலையை ஆட்டினாள். “ஒண்ணும் இல்ல. போய் விளையாடு.”

நான் போனை எடுத்து அணைத்தேன். சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தத்தின் கீழே பொடி எழுத்தில் ஒரு குறிப்பு இருந்ததை அப்புறம்தான் படித்தேன். வயது கூடக்கூட இது கேட்காமல் போகும், சின்னவர்களுக்கு மட்டும் கேட்கும் என்று போட்டிருந்தது. வயதானால் கண்ணாடி போடுவதுபோல இதுவும் இயல்புதான். ஆனால் என் அத்தை மற்றவர்களைப்போல சும்மா காதை வைத்துக்கொண்டிருக்கவில்லையே. நான் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

ஆனால் விஷயம் அத்தோடு போகவில்லை. சில நாள் கழித்துச் சாப்பிடும்போது அத்தை அலுத்துக்கொண்டாள்.

“ஒரு அம்மா வந்து உயிரை எடுக்கறாங்க. ஒண்ணுமே இல்லாத மெஷின். நான் இயல்புன்னு அனுப்பிட்டேன், திரும்பக் கொண்டுவந்துட்டாங்க. அவங்களுக்கே ஒண்ணும் கேக்கலையாம். அவங்க பொண்ணுக்குத்தான் கேக்குதாம். ஸ்கூல் பாடம் எல்லாம் அதுலதான். திறந்தாலே தலை வலிக்குதுன்னு அழறாளாம்.”

“படிக்காம இருக்க நல்ல சாக்கு” என்றார் மாமா.

“மேனேஜரும் அதைத்தான் சொன்னார். அந்த அம்மாவும் நம்ப ஆரம்பிச்சுட்டாங்க. ‘நீங்க ஒரு தடவை இயல்புன்னு சொல்லிட்டா போதும், வீட்ல போய் அவளுக்கு வச்சிருக்கேன்’னாங்க.”

நான் தட்டைத் தள்ளி வைத்தேன். யாரென்றே தெரியாத ஒரு பெண். பொய்ப் புகார் சொல்லி நானே பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறேன், அதெல்லாம் நியாயமான அடி. நிஜத்தைச் சொல்லி அடி வாங்குவது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் யோசித்தேன். அத்தையிடம் நேராகச் சொல்லவும் வாய் வரவில்லை. உன் காது போய்விட்டது என்று எப்படிச் சொல்வது? அதுவும் அந்த மேனேஜர் பஞ்சை உரிக்கக் காத்திருக்கும்போது?

மறுநாள் அவளுடைய சாப்பாட்டு டப்பாவைப் பையிலிருந்து எடுத்து ஒளித்து வைத்தேன். அவள் போன பிறகு அதையே தூக்கிக்கொண்டு, “மறந்துட்டுப் போயிட்டீங்க அத்தை” என்று சர்வீஸ் சென்டரில் போய் நின்றேன்.

“நானா மறந்தேன்?” என்று சந்தேகமாகப் பார்த்தாள். “சரி, வந்ததுதான் வந்த. வாயைத் திறக்காம அந்த மூலையில உட்காரு. அந்தப் பொண்ணோட மெஷினை முடிச்சுட்டு வரேன்.”

கதவை மூடினாள். மேசையில் இருந்தது அந்தப் பெண்ணின் லேப்டாப்தான், மூடியில் பூனை ஒட்டுப்படம். ஃபேன் வேகமெடுத்தது. முதலில் வெறும் காற்று. அதற்கு மேலே, நூல் மாதிரி, கீச்சென்று ஒன்று ஏறி வந்து நின்றது. ரொம்பச் சின்னச் சத்தம்தான், மீட்டரில் சிவப்பு விளக்கு எரியவேயில்லை. ஆனால் போகவே போகவில்லை. நான் பல்லைக் கடித்துக்கொண்டு முகத்தைக் கல்லாக வைத்திருந்தேன். வைத்திருந்ததாகத்தான் நினைத்தேன்.

அத்தை கண்ணைத் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அன்னிக்குப் பூண்டு உரிச்சப்ப இதே மூஞ்சிதான் வச்சிருந்த.”

நான் கூரையைப் பார்த்தேன்.

“அந்த வாண்டு காதைப் பொத்திட்டு வந்து நின்னான்.” அவள் குரல் மெதுவாகிவிட்டது. “நீ ஏதோ வச்சிருந்த. எனக்குக் கேக்கலை. அப்படித்தானே?”

“அத்தை, அது சும்மா…”

“இப்ப என்ன கேக்குது உனக்கு?”

சொன்னேன்.

அவள் எழுந்தாள். வெளியே போய் அதே ரகத்தில் நல்ல லேப்டாப் ஒன்றைக் கொண்டுவந்து பக்கத்தில் வைத்தாள். இரண்டையும் சூடாக்கினாள். துண்டால் என் கண்ணைக் கட்டிவிட்டு, இடம் மாற்றி மாற்றி வைத்து, எது என்று கேட்டாள். நான் காட்டினேன். மறுபடி மாற்றினாள். மாற்றாமல் மாற்றியதுபோல் நடித்தும் பார்த்தாள். அந்த ஏமாற்று வேலையில் எனக்கே குரு ஆகக்கூடியவள். நான் ஒருமுறைகூடத் தவறவில்லை. துண்டை அவிழ்த்தபோது இரண்டு லேப்டாப்பின் மேலும் ஒவ்வொரு கையை வைத்துக்கொண்டு நின்றாள், காய்ச்சல் பார்க்கிற மாதிரி.

“எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் இருக்கு” என்றாள்.

வெளியே வந்து வளையலைப் போட்டுக்கொள்ள வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்தாள். பிறகு நேராக மேனேஜரிடம் போனாள். நானும் பின்னாலேயே போனேன், டப்பாவோடு.

“அந்தப் பூனைப் பட லேப்டாப் குறை, சார். ஃபேனை மாத்தணும்.”

“ரெண்டு நாள் முன்னாடி இயல்புன்னீங்க. இப்ப கேக்குதா?”

கேட்கிறது என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஃபேனும் மாறும், நாற்காலியும் நிற்கும். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று அவள் முதுகைப் பார்த்து நான் வேண்டிக்கொண்டேன்.

“கேக்கலை, சார். இவளுக்குக் கேக்குது. சோதிச்சுப் பார்த்துட்டேன்.”

“உங்களுக்கும் கேக்கலை, எனக்கும் கேக்கலை, மீட்டரும் ஒண்ணும் சொல்லலை. அப்புறம் அது எப்படிக்கா குறை?”

“அது முன்னாடி உட்கார்ந்து படிக்கப்போறது நீங்களும் நானும் இல்லையே, சார். அந்தப் பொண்ணுதானே.”

மேனேஜர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். ஃபேனை மாற்றச் சொன்னார். அத்தை கதவுவரை வந்ததும், “அப்போ அந்த அறைக்கு என்ன பண்றது?” என்றார். கெட்ட மனிதர் இல்லை, ஆனால் கேட்காமல் விடுகிறவரும் இல்லை.

“அறை இருக்கட்டும். சின்ன வயசுல யாரையாவது உட்கார வைங்க” என்றாள் அத்தை. “நான் வேற எங்கயாவது உட்கார்றேன்.”

இப்போது அந்த நாற்காலியில் பேக்கிங் பிரிவிலிருந்து வந்த ஒரு இளம்பெண் கண்ணை மூடி உட்கார்ந்திருக்கிறாள். வளையலைக் கழற்ற மறந்துவிடுகிறாளாம், அத்தைக்கு அதில் பெரிய வருத்தம். அத்தையை முன்னால் கவுண்ட்டரில் போட்டுவிட்டார்கள், புகார் வாங்குகிற இடத்தில். யார் வந்து “சத்தம்” என்றாலும் அவள் முதலில் கேட்பது, “யாருக்குக் கேக்குது?” பூனைப் படக்காரியும் அம்மாவோடு வந்து வாங்கிக்கொண்டு போனாளாம். கவுண்ட்டரிலேயே திறந்து, காதை வைத்துப் பார்த்துவிட்டு அம்மாவை நிமிர்ந்து பார்த்தாளாம். “நிஜமாவே இருந்துதா?” என்று அந்த அம்மா அத்தையிடம் கேட்டிருக்கிறார். “இருந்துது. தப்பாச் சொன்னது நான்தான்” என்றாளாம் அத்தை. இதை எங்களிடம் சொல்லும்போது மட்டும் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

மாமா ஒரு வாரம் எந்தக் கேலியும் செய்யவில்லை. அதற்குப் பதிலாக உரக்கப் பேச ஆரம்பித்தார்.

“எதுக்குக் கத்தறீங்க? மெல்லிசுதான் எனக்குக் கேக்காது. உங்க சத்தம் கேட்டுத் தொலைக்குது” என்று அத்தை எரிந்து விழுந்த பிறகுதான் வீடு பழையபடி ஆனது.

ஞாயிற்றுக்கிழமை பூண்டைத் தள்ளி வைத்துவிட்டு, “அந்தக் கருமத்தை எடுடி” என்றாள். அவள் காது எதுவரை போகிறது என்று பார்க்க வேண்டுமாம். தடித்த சத்தத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக மெல்லிசாக்கிக்கொண்டே போனேன். கேட்டால் கையைத் தூக்குவாள். தூக்கினாள், தூக்கினாள், ஓரிடத்தில் நின்றுவிட்டாள். கண்ணை மூடி, தலையைச் சாய்த்து, ரொம்ப நேரம் காத்திருந்தாள். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை. போனை அணைத்துவிட்டேன்.

கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தாள். நான் சட்டென்று பல் கூசுகிற மாதிரி முகத்தைச் சுளித்தேன், சத்தம் இன்னும் ஓடுகிறது என்பதுபோல.

“அணைச்சுட்டியே, எதுக்கு நடிக்கற?” என்றாள்.

“எப்படித் தெரிஞ்சுது?”

“நிஜமாக் கேட்டா உன் இடது கண்ணு மட்டும் சுருங்கும். ரெண்டும் சுருங்கினா பொய்.” கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். “போடு. நின்ன இடத்துலேருந்து போடு. ஏமாத்தாமப் போடு.”