பள்ளிவாசல் முன்னால் நின்ற ஓட்டோ

ஜும்ஆத் தொழுகை முடிந்து பொத்துவில் பள்ளிவாசல் முன்னால் மூன்று பேர் நின்றோம்: ஓட்டோ ஓட்டும் நான், விடுதியில் வேலை செய்யும் என் மகள் றிஸ்னா, அந்த விடுதியில் தங்கியிருந்த, காலையில் நான் ஏற்றிச் சென்ற வெள்ளைக்காரப் பெண்.

"வாப்பா, இவட பை உங்கட ஓட்டோவிலயாம். பாஸ்போட்டும் அதுக்குள்ளதான். இண்டைக்கு ராவு பிளேன்!"

பை இருந்ததே எனக்குத் தெரியாது. வழமைபோல ஓட்டோவைத் திறந்தபடி தெருவோரம் விட்டுவிட்டுத் தொழப் போயிருந்தேன். நடுங்கிக்கொண்டு போய்ப் பார்த்தேன். பை இருந்தது. வெயில் படாமல் யாரோ உள்ளே தள்ளி வைத்திருந்தார்கள்.

"அன்பிலீவபிள்!" என்று அவள் அழுதாள்.

"என்ன புள்ள சொல்றா? நம்மள நம்பல்லையாமா?"

"இல்ல வாப்பா. சந்தோசத்திலயும் அப்பிடித்தான் சொல்லுவாங்க. நம்ப ஏலாத அளவுக்கு நல்லதாம்."

அப்போதுதான் எனக்கு மூச்சு வந்தது. உண்மையில் ஊரை நம்பாமல் நடுங்கியவன் நான்தான். அந்த ஓட்டோவைக் கடந்து அன்று தொழ வந்தவர்கள் முந்நூறு பேர்.