ஐந்தாம் மாடிக்கும் ஆறாம் மாடிக்கும் நடுவில்

லிஃப்ட் பராமரிக்கும் கம்பெனி ஒன்றில், மாட்டிக்கொண்டவர்களின் போனை எடுப்பதுதான் அவள் வேலை. நகரத்தில் எங்காவது ஒரு லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால், உள்ளே இருப்பவர் மணிப் பொத்தானை அழுத்துவார். மூன்றாவது மணி அடிப்பதற்குள் இவள் எடுத்து, "பதறாதீங்க, ஆள் கிளம்பியாச்சு" என்று சொல்ல வேண்டும். ஆள் கிளம்பியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. பல நேரம் அந்த ஆள் நகரத்தின் மறுகோடியில் இன்னொரு லிஃப்டுக்கு அடியில் படுத்திருப்பார். ஒன்பது வருடமாக ஒரு நாளைக்கு நாற்பது தடவை இதையே சொல்லிச் சொல்லி, அலுவலகத்தில் அவளுக்குப் 'பதறாதீங்க அக்கா' என்றே பெயர் நிலைத்துவிட்டது.

வீட்டில் அவள் அந்த வார்த்தையைச் சொன்னதில்லை. வீட்டில் யாரும் பதறுவதில்லை. பதறுகிற வேலையையும் அவளிடமே விட்டிருந்தார்கள்.

கணவர் பள்ளிக்கூடத்தில் புவியியல் ஆசிரியர். எந்த நதி எந்தக் கடலில் விழுகிறது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். சமையலறையில் உப்பு எங்கே இருக்கிறது என்பது மட்டும் அவருடைய பாடத்திட்டத்தில் இல்லை. "ஏதாவது உதவி செய்யணுமா?" என்று தினமும் காலையில் தவறாமல் கேட்பார். கேட்டுவிட்டால் செய்த மாதிரி. மாமியாருக்கு முட்டிவலி. எழுந்து போய் அடுப்பை அணைக்க முடியாது. அடுப்பு எரிகிறது என்று உட்கார்ந்த இடத்திலிருந்து தெரியப்படுத்த முடியும். கெட்ட மனுஷி இல்லை. மருமகள் வேலைக்குப் போவதைப் பற்றி அக்கம்பக்கத்தில் பெருமையாகத்தான் பேசுவார். ஒன்பது வயது மகளுக்கு ஒரு தனித் திறமை இருந்தது. நாளைக்குப் பள்ளிக்குக் கொண்டுபோக வேண்டிய பொருளை, கடைகள் எல்லாம் மூடிய பிறகுதான் அவளுக்கு நினைவு வரும்.

தனக்கென்று அவள் வைத்திருந்ததெல்லாம் கைப்பையின் பக்கவாட்டு ஜிப்புக்குள் இருந்த ஒரு துப்பறியும் நாவலும் ஒரு பொட்டலம் வறுத்த கடலையும்தான். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் இரண்டு பக்கம் படிப்பாள். மூன்று மாதமாகப் படிக்கிறாள். கொலை பதினொன்றாம் பக்கத்தில் நடந்துவிட்டது. இன்னும் போலீஸ்கூட வந்து சேரவில்லை.

அதனால்தானோ என்னவோ, லிஃப்டுக்குள் மாட்டியவர்கள் அழாக்குறையாக "எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்கும்போது, "அரை மணி நேரம்" என்று சொல்லிவிட்டு அவளுக்கு ஒரு நொடி பொறாமையாக இருக்கும். நாலு பக்கமும் சுவர். யார் தட்டினாலும் கதவு திறக்காது. முழுசாக அரை மணி நேரம். இதற்கு எதற்கு அழுகிறார்கள் என்று அவளுக்கு விளங்கியதே இல்லை.

அந்த வியாழக்கிழமை, பெண் ஊழியர்களுக்காக மேனேஜர் ஒரு கூட்டம் ஏற்பாடு செய்திருந்தார். வீட்டையும் வேலையையும் தடுமாறாமல் சமாளிப்பது எப்படி என்பது தலைப்பு. அலுவலக நேரம் வீணாகக் கூடாது என்பதால் மாலை ஆறிலிருந்து ஏழு வரை வைத்திருந்தார். கட்டாயம் வர வேண்டும். பேச வந்தவர் மடிப்புக் கலையாத சட்டை போட்ட இளைஞர். அந்தச் சட்டைக்கு யார் இஸ்திரி போட்டார்கள் என்று கேட்கப் பின்வரிசையில் ஒருத்தி வாயெடுத்து, பிறகு வேண்டாமென்று விட்டுவிட்டாள். தினமும் பதினைந்து நிமிடம் உங்களுக்கென்று ஒதுக்குங்கள் என்று அவர் மூன்று தடவை சொன்னார். எதிலிருந்து ஒதுக்குவது என்று சொல்வதற்குள் ஏழு மணியாகிவிட்டது.

ஆகவே ஒரு மணி நேரம் தாமதமாக அவள் வீடு திரும்பினாள். ஒரு கையில் பாலும் முட்டையும், இன்னொரு கையில் உருளைக்கிழங்கும் ரொட்டியும், கக்கத்தில் மகள் கேட்ட சார்ட் பேப்பர். வீடு ஏழாவது மாடியில். லிஃப்ட் ஐந்தைத் தாண்டியதும் ஒரு முனகலோடு நின்றது. விளக்கு எரிந்தது, மின்விசிறி ஓடியது. ஒரு நிமிடம் பார்த்துவிட்டு அவள் மணிப் பொத்தானை அழுத்தினாள்.

"பதறாதீங்க, ஆள் கிளம்பியாச்சு" என்றது ஒரு குரல். அவள்தான் சொல்லிக்கொடுத்துத் தயார் செய்த பெண்.

"நான்தான் பேசுறேன்."

"அக்கா? நீங்களா?"

"ஆமா. அஞ்சுக்கும் ஆறுக்கும் நடுவுல நிக்குது. மெக்கானிக் அண்ணன் எங்க இருக்காரு?"

ஆஸ்பத்திரி லிஃப்டில் இருப்பதாகவும், உடனே அங்கிருந்து கிளப்பி அனுப்புவதாகவும் அந்தப் பெண் படபடத்தாள்.

"அதை முடிச்சிட்டே வரட்டும்மா. இங்க அவசரம் ஒண்ணுமில்ல."

அந்தத் தொலைபேசியில் அதுவரை யாரும் சொல்லாத வாக்கியம் அது.

வீட்டுக்கும் தகவல் சொன்னாள். பிறகு முட்டையைப் பத்திரமாக ஒரு மூலையில் வைத்து, செருப்பைக் கழற்றி, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து நாவலைப் பிரித்தாள். போலீஸ் வந்தது. இன்ஸ்பெக்டர் முதல் கேள்வியைக் கேட்பதற்குள் மேலே ஆறாவது மாடிக் கதவு தட்டப்பட்டது.

கணவர்தான். பயப்படாதே, நான் இருக்கிறேன் என்றார். அவள் பயப்படவில்லை என்றாள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, மகளின் வெள்ளை சாக்ஸ் எங்கே இருக்கிறது, நாளைக்கு விளையாட்டுப் போட்டியாமே என்று கேட்டார். கட்டிலுக்கடியில் நீலப் பெட்டி என்றாள். போனார், வந்தார், இல்லை என்றார். அவள் சற்று யோசித்து, கட்டிலுக்கடியில் மேற்கே, சுவரிலிருந்து ஓரடி தெற்கே என்று சொன்னாள். போன வேகத்தில் கிடைத்துவிட்டது.

அடுத்து மாமியார் வந்தார். பல மாதமாகப் பால்கனிவரைகூடப் போகாத முட்டி ஒரு மாடி படி இறங்கி வந்திருந்தது. உள்ளே மூச்சு விட முடிகிறதா என்று உண்மையான கவலையோடுதான் கேட்டார். முடிகிறது என்று தெரிந்ததும், உருளைக்கிழங்கு லிஃப்டுக்குள்ளேயா மாட்டிக்கொண்டது என்றும் கேட்டார். மகள் வந்து, கதவிடுக்கு வழியாக ஒரு கணக்குத் தாளை உள்ளே போட்டாள். அது ஆடி அசைந்து அவள் மடியில் வந்து விழுந்தது. பின்னாலேயே பென்சிலும் விழுந்தது.

லிஃப்ட் நின்று அரை மணி நேரம் கழித்து மெக்கானிக் வந்து சேர்ந்தார். ஆறு வருடமாகப் போனில் பேசியிருக்கிறாளே தவிர, நேரில் பார்த்ததில்லை. எல்லோரையும் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு அவர் கதவிடுக்கில் வாய் வைத்து, "ரெண்டு நிமிஷ வேலைதான் மேடம். திறந்துடட்டுமா?" என்றார்.

அவள் கையிலிருந்த பக்கத்தைப் பார்த்தாள்.

"அண்ணே, அடுத்து உங்களுக்கு எதுவும் கால் இருக்கா?"

"இல்ல மேடம்."

"அப்ப ஒரு இருபது நிமிஷம் ஆகும்னு சொல்லுங்களேன்."

மெக்கானிக்கின் மனைவி துணி ஆலையில் வேலை செய்பவள் என்பது அவளுக்குத் தெரியும். சற்றுப் பொறுத்து அவர் உரத்த குரலில், உள்ளே ஒரு பாகம் சூடேறியிருக்கிறது, ஆற வேண்டும், பக்கத்தில் நின்று பேசினால் ஆறாது, எல்லோரும் வீட்டுக்குப் போங்கள் என்று அறிவித்தார். கணவர் தலையாட்டிவிட்டு அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு போனார். இயற்பியல் அவருடைய பாடமில்லை.

அந்த இருபது நிமிடத்தில் அவள் நாலு பக்கம் படித்தாள். பிறகு புத்தகத்தை மூடிவிட்டுக் கடலையை ஒவ்வொன்றாக மென்றாள். பெரிய யோசனை எதுவும் வரவில்லை. காதருகே வரை ஏறி நின்ற தோள்கள் மெல்ல இறங்குவது மட்டும் தெரிந்தது. எத்தனை வருடமாக அவை அங்கே இருந்தன என்று நினைத்தபோது, அவளுக்குச் சிரிப்பு வந்தது. கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர் வந்தது.

கதவு திறந்தபோது கணவர் ஓடிவந்து பைகளை வாங்கிக்கொண்டார். வீட்டில் சோறு குழைந்திருந்தாலும் வெந்திருந்தது. உப்புகூடப் போட்டிருந்தார்கள்.

மறுநாள் அலுவலகத்தில் விதிப்படி எல்லாம் நடந்தது. மீட்கப்பட்டவரைக் கூப்பிட்டுத் திருப்தியா என்று விசாரிக்க வேண்டும் என்பதால், பக்கத்து மேஜைப் பெண் இவளுக்குப் போன் போட்டு, ஒன்றிலிருந்து ஐந்துவரை எவ்வளவு மார்க் தருவீர்கள் என்று கேட்டாள். ஐந்து என்றாள். முப்பது நிமிடத்துக்குள் திறந்திருக்க வேண்டிய கதவு ஏன் ஐம்பது நிமிடமாகியும் திறக்கப்படவில்லை என்று பிரிவுப் பொறுப்பாளரிடம் விளக்கம் கேட்டு மேனேஜர் கடிதம் அனுப்பினார். பொறுப்பாளர் அவளேதான். தன்னை ஏன் தாமதமாக மீட்டேன் என்று வருத்தம் தெரிவித்து எழுதிக் கொடுத்தாள். மாதக் கடைசியில் மேனேஜர் புள்ளிவிவரங்களை ஆராய்ந்தார். அந்த மாதத்திலேயே அதிகம் தாமதமான புகாருக்குத்தான் முழு மார்க் கிடைத்திருந்தது. தாமதத்தை வாடிக்கையாளர்கள் விரும்புகிறார்கள் என்று முடிவுகட்டி, கெடுவை நாற்பத்தைந்து நிமிடமாக உயர்த்தினார்.

இதற்கிடையில், ஞாயிற்றுக்கிழமை காலை, வழக்கமான கேள்வியைக் கேட்ட கணவரிடம் அவள் சொன்னாள்:

"ஆமாங்க, ஒரு உதவி வேணும். புதன்கிழமை சாயங்காலம் ஒரு மணி நேரம் எனக்கு வேணும்."

"எங்க போகப் போற?"

"எங்கயும் இல்ல. ரூம் கதவைச் சாத்திக்கிட்டு உள்ள இருப்பேன்."

"உள்ள இருந்து என்ன பண்ணுவ?"

"ஒண்ணும் பண்ண மாட்டேன்."

ஒன்றும் செய்யாமல் இருப்பதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் சரி என்றார்.

முதல் புதன்கிழமை கதவு ஆறு தடவை தட்டப்பட்டது. அடுத்த வாரம் இரண்டு தடவை. மூன்றாவது வாரம் யாரும் தட்டவில்லை. மகள் ஒரு காலில் வெள்ளையும் ஒரு காலில் சாம்பல் நிறமுமாக சாக்ஸ் போட்டுப் பள்ளிக்குப் போனாள்; வானம் இடிந்து விழவில்லை.

மாமியாருக்கு மட்டும் இதை வெளியே எப்படிச் சொல்வது என்று சங்கடமாக இருந்தது. கல்யாணமான பெண் விளக்கு வைக்கிற நேரத்தில் சும்மா படுத்திருக்கிறாள் என்று எந்த வாயால் சொல்வது? நான்காவது புதன்கிழமை எதிர்வீட்டுப் பெண் எதையோ கேட்டு வந்து நின்றபோது, அவர் குரலைத் தாழ்த்திச் சொன்னது உள்ளே இருந்தவளுக்கும் கேட்டது.

"கொஞ்சம் மெதுவாப் பேசும்மா. மருமக உள்ள ஆபீஸ் வேலை பாக்குறா."

எதிர்வீட்டுப் பெண் மூடிய கதவைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். உள்ளே சத்தமே இல்லையே என்றாள். பிறகு, அந்தக் கம்பெனியில் இன்னும் ஆள் எடுக்கிறார்களா என்று விசாரித்தாள்.