எங்கள் வீட்டில் எல்லோரும் பட்டதாரிகள்

எனக்கு யாரையும் எளிதில் நம்பிப் பழக்கமில்லை. அதிலும் சிரித்துப் பேசுகிறவர்களை அறவே நம்ப மாட்டேன். அயனம்பாக்கத்தில் எங்கள் தெரு முனையில், மாவு மில் இருந்த கடையில், இ-சேவை மையம் என்று போர்டு மாட்டிக்கொண்டு ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள். முப்பது வயதிருக்கும். முகப்பேரில் ஏதோ அடுக்குமாடி வீட்டிலிருந்து ஸ்கூட்டரில் வருவாள். பேச்சு திருநெல்வேலிப் பேச்சு. வருகிற போகிறவர்களை எல்லாம் "வாங்க, உட்காருங்க" என்று சிரித்த முகமாகக் கூப்பிட்டாள். அன்றைக்கே எனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது.

முன்பெல்லாம் ஒரு சாதிச் சான்றிதழுக்கு இரண்டு பஸ் மாறி, தாலுகா ஆபீஸ் வாசலில் நாள் கணக்கில் காய வேண்டும். இப்போது தெரு முனையிலேயே விரலை வைத்தால் வேலை முடிகிறதாம். இவ்வளவு சுலபமாக ஒன்று நடந்தால் அதில் என்னவோ இருக்கிறது என்றுதானே அர்த்தம்? எங்கள் ஜனங்களுக்கு அது உறைக்கவே இல்லை. அவள் கேட்ட போதெல்லாம் கட்டை விரலை நீட்டினார்கள்.

நானும் ஒரு நாள் போகவேண்டி வந்தது. அக்கா மகள் பன்னிரண்டாவது முடித்து, பொறியியல் கலந்தாய்வுக்கு விண்ணப்பித்திருந்தாள். அக்கா புருஷன் போன பிறகு அந்த வீட்டுக்கு ஆண் துணை என்று நான் ஒருவன்தான். குடும்பத்தில் யாருமே டிகிரி படித்ததில்லை என்றால் முதல் பட்டதாரி சான்றிதழ் கொடுப்பார்கள். அது இருந்தால் கல்லூரிக் கட்டணத்தில் சலுகை உண்டு. அது இல்லாவிட்டால், நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கிற அக்காவால் இன்ஜினியரிங் காலேஜ் கேட்டைக்கூட எட்டிப் பார்க்க முடியாது. சான்றிதழை ஆன்லைனில் ஏற்றுவதற்குப் பதினெட்டு நாள் இருந்தது.

"போன் நம்பர்?" என்றாள் அந்தப் பெண்.

அக்காவின் பட்டன் போன் பாதி நாள் செத்துக் கிடக்கும். அவள் மகளுக்கு செல் கூடாது என்று சட்டம் போட்டவன் நான்.

"அப்ப என் நம்பரையே போட்டுக்கிடுதேன் அண்ணே. மெசேஜ் வந்தா நானே சொல்லிருதேன்."

எனக்குச் சுருக்கென்றது. வரிசையில் நின்றவர்களை விசாரித்தால், தெருவில் பாதிப் பேருடைய விண்ணப்பத்தில் அவள் நம்பர்தான்! அடப் பாவிகளா, மொத்த ஊரையும் கொண்டுபோய் ஒருத்தியின் கைப்பையில் போட்டிருக்கிறார்களே!

"இன்னாம்மா கத வுட்றே? எங்க ஊட்டுப் பொண்ணுக்கு உன் நம்பர் எதுக்கு? என் நம்பரப் போடு" என்றேன்.

போட்டாள். "ஆபீஸ்ல இருந்து போன் வரும்ணே, எடுத்துப் பேசிருங்க" என்றும் சொன்னாள். எனக்குப் பாடம் எடுக்கிறாளாம்.

நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறேன். எங்கள் பட்டறையில் ஒருவர் போனில் வந்த குரலை நம்பி ஓடிபி சொல்லி, பெண் கல்யாணத்துக்கு வைத்திருந்ததை எல்லாம் பறிகொடுத்தார். அதிலிருந்து எங்களுக்கு ஒரு வழக்கம். சாப்பாட்டு நேரத்தில் தெரியாத நம்பர் வந்தால், போனை ஸ்பீக்கரில் போட்டு டிபன் பாக்ஸ்களுக்கு நடுவில் வைத்துவிடுவோம். எல்லோருமாகச் சேர்ந்து அந்த ஆளை ஒரு வழி பண்ணிவிட்டுத்தான் சோற்றில் கை வைப்போம்.

நாலாம் நாள் அப்படி ஒரு நம்பர் வந்தது. "முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பிச்சிருக்கீங்களா?" என்றது ஒரு ஆண் குரல். இது இவனுக்கு எப்படித் தெரியும்? அந்தச் சிரிப்புக்காரி விற்றுவிட்டாள்! நான் நினைத்தது சரிதான்!

"ஆதார், ரேஷன் கார்டு எடுத்துட்டு ஆபீசுக்கு வரணும்."

"ஆதாரும் ஓணுமா நைனா? அப்டியே பேங்க் புக்கும் எத்துகினு வர்ட்டா?"

டேபிளே சிரித்தது. அந்த ஆள் அசரவில்லை. "குடும்பத்துல யாராவது டிகிரி படிச்சிருக்காங்களா?"

"எங்க ஊட்ல எல்லாரும் டிகிரிதான்! எங்க தாத்தா கலெக்டருக்குப் படிச்சிட்டுத்தான் ஏர் ஓட்டிகினு இருந்தாரு!"

"சரிங்க" என்று போனை வைத்துவிட்டான். நம்பரை பிளாக் பண்ணினேன். அன்றைக்கு வெறும் ரசம் சோறுகூட அவ்வளவு ருசித்தது.

ஒன்பதாம் நாள் மையத்துக்குப் போய் விசாரித்துவிட்டு அக்கா மகள் அழுதுகொண்டே வந்தாள். விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டிருந்தது. அவளை இழுத்துக்கொண்டு நேரே மையத்துக்குப் போய் நின்றேன். "உன் நம்பரப் போட வுடலன்னு கவுத்து வுட்டியா?" என்று தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். அந்தப் பெண் கம்ப்யூட்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினாள். மகள் வாய்விட்டுப் படித்தாள்: "குடும்பத்தில் அனைவரும் பட்டதாரிகள் என விசாரணையில் தெரிவிக்கப்பட்டது."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"யார் மாமா இப்படிச் சொன்னது?"

"எனக்கின்னா தெரியும்?" என்றேன். பச்சைப் பொய். அவள் என் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து, பிளாக் பண்ணிய நம்பர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அந்தப் பெண் தன் மேஜையில் ஒட்டியிருந்த, சான்றிதழுக்கு விசாரணை பண்ணுகிற வி.ஏ.ஓ.வின் நம்பரைக் காட்டினாள். இரண்டும் ஒன்றாக இருந்தது. மகள் போனை என் கையில் திரும்பத் தந்தாள். திட்டியிருந்தால்கூடத் தேவலாம் என்றிருந்தது.

மறுபடி விண்ணப்பித்தோம். நம்பர் கேட்டபோது நான் வாயைத் திறப்பதற்குள், "உங்க நம்பரையே போடுங்கக்கா" என்றாள் மகள்.

மறுநாள் வி.ஏ.ஓ. ஆபீசுக்கு நானும் கூடப் போனேன். சின்னப் பெண்ணிடம் அந்த ஆள் எதையாவது கேட்டு வைக்கப் போகிறானே என்று காவலுக்குத்தான் போனேன். அவர் காகிதத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார். "அன்னைக்கு போன்ல பேசினது யாரும்மா?"

தெரியாது என்று சொல்லிவிடுவாள் என நினைத்தேன்.

"எங்க மாமாதான் சார். மன்னிப்புக் கேக்க வந்திருக்காரு."

கை தானாகக் குவிந்தது. "தப்பாயிடுச்சு சார். எங்க ஊட்ல யாரும் பத்தாவதே தாண்டல. இதுதான் சார் மொத மொத..." என்றேன். அவர் என் முகத்தைப் பார்க்காமலே ஏதோ எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அப்புறம் நாட்களை எண்ணினேன். நம்பர் அந்த மையத்துப் பெண்ணுடையதாயிற்றே. நான் கத்தியதற்குப் பழி வாங்க, வந்த மெசேஜை அமுக்கி வைத்துவிட்டால்? பட்டறைக்குப் போகும்போதும் வரும்போதும் மைய வாசலில் சைக்கிளை மெதுவாக்கி, அவளைக் கண்காணித்தேன். அவள் என்னைப் பார்த்தும் சிரித்தாள். ஆறாம் நாள் சாயங்காலம் பொறுக்க முடியாமல் அக்கா வீட்டுக்குப் போய், போலீசுக்குப் போகலாமா என்று கேட்டேன்.

அக்கா அரிசி களைந்துகொண்டிருந்தாள். "சர்டிபிகேட் வந்து மூணு நாளாச்சே. ஏத்தியாச்சு."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

அக்கா குனிந்த தலை நிமிரவில்லை. "பொண்ணுதான் சொல்ல வேணாம்னுச்சு. நீ மறுபடியும் இன்னாத்தயாச்சும் இஸ்து வுட்ருவியோன்னு பயந்துகினு கீது."

உள்ளறையில் மகள் அக்காவின் போனில், கலந்தாய்வில் எந்தக் காலேஜை முதலில் போடலாம் என்று அந்த மையத்துப் பெண்ணிடம் கேட்டுக்கொண்டிருந்தாள். என் குரல் கேட்டதும் பேச்சை நிறுத்திக்கொண்டாள்.