பர்கர் கடையில் கிடைத்த அண்ணன்

திருக்கோகர்ணத்தில் பஸ் ஸ்டாப்பை ஒட்டி ஒரு பர்கர் கடை உண்டு. நான்கு பிளாஸ்டிக் மேசை, ஒரு தோசைக்கல், வளைகுடாவில் பல வருடம் சமையல் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பிய ஒருவர். அவ்வளவுதான் கடை. பன்னைக் கல்லில் வாட்டி, முட்டைக்கோசையும் வெங்காயத்தையும் அள்ளித் திணித்துக் கொடுப்பார். ஒரு பக்கம் கடித்தால் மறுபக்கம் கொட்டும். விலை குறைவு என்பதால் நாங்கள் மூன்று பேரும் வாயைத் திறந்ததில்லை.

மூன்று பேர் என்றால் நான், என் தோழி, அவன். குரூப் நாலு தேர்வுக்கு ஒரே பயிற்சி மையத்தில் படித்தோம். சனிக்கிழமை மாதிரித் தேர்வு முடிந்ததும் நேராக அந்தக் கடைக்குத்தான். எனக்கு அவன் மேல் ஆசை. சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது? கல்யாணம் செய்தால் அவனைத்தான் என்று இருந்தேன். தோழிக்குத் தெரியும், அவனுக்குத் தெரியாது.

நான் ஒன்றும் கண்ணை மூடிக்கொண்டு ஆசைப்படவில்லை. வீட்டில் ரகளை வரக்கூடாதே என்று எல்லாவற்றையும் விசாரித்துவிட்டேன். இரண்டு வீடும் ஒரே சனம். அவன் நட்சத்திரத்தை நைசாகக் கேட்டுப் போனில் பொருத்தம்கூடப் பார்த்தேன். பத்துக்கு எட்டு பொருந்தியது. விசாரிக்காமல் விட்டது குலசாமி கோயிலை மட்டும்தான். எங்கள் பக்கம் ஒரே குலசாமியைக் கும்பிடுகிறவர்கள் எல்லாரும் பங்காளிகள், அண்ணன் தங்கை முறை. கல்யாணம் என்ற பேச்சே கிடையாது. ஆனால் கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்று பங்காளிகளுக்குள் சண்டை வந்து, எனக்கு நான்கு வயதானதிலிருந்து அப்பா எங்களை அந்தப் பக்கமே கூட்டிப்போகவில்லை. அதனால் அவனைப் பற்றி விசாரித்தபோது அந்தக் கோயில் என் நினைவுக்கே வரவில்லை.

அந்தச் சனிக்கிழமை அவனிடம் சொல்லிவிடுவது என்று முடிவு. தோழி கை கழுவுகிற சாக்கில் எழுந்துபோக வேண்டும், நான் சொல்ல வேண்டும். பர்கர் வந்தது. முதல் கடியை மென்றுகொண்டே அவன், "அடுத்த வாரம் நான் வரல. சிவராத்திரிக்குக் குலசாமி கோயிலுக்குப் போறோம்" என்றான்.

"நாங்களும்தான். பங்காளிச் சண்டை தீந்து இந்த வருசம்தான் அப்பா வாராரு" என்றேன்.

"ஒங்களுக்கு எங்கிட்டு?"

"வல்லத்திராக்கோட்டைக்கு அங்கிட்டு, கம்மாக்கரையில."

அவன் மெல்லுவதை நிறுத்தினான். "வாசல்ல ரெண்டு மண்குதிரை நிக்குமே, ஒண்ணுக்குத் தலை இருக்காது?"

அந்தத் தலையில்லாத குதிரையைப் பற்றி அப்பா சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அட! அப்ப நீ எனக்குத் தங்கச்சியா!" மேசையைத் தட்டிச் சிரித்தான். கூடப் பிறந்தவள் இல்லாதவன் அவன். நிஜமாகவே சந்தோஷப்பட்டான். "அண்ணே, எந்தங்கச்சிக்கு இன்னொண்ணு போடுங்க" என்று கடைக்காரரிடம் கத்தினான். அழுதுவிடாதே என்பதற்காகத் தோழி மேசைக்கு அடியில் என் காலை மிதித்தாள். இரண்டாவது பர்கரையும் தின்றேன். தண்ணீரைக் குடித்துக் குடித்து இறக்கினேன்.

அவனுக்கும் என் மேல் ஏதாவது இருந்ததா? தெரியாது. அதற்குமேல் அதைக் கேட்பதே அசிங்கம் என்று ஆகிவிட்டது. அப்பா மேல்தான் ஆத்திரம் வந்தது. இத்தனை வருடம் இழுத்த சண்டை இன்னும் ஒரு வருடம் இழுத்தால் என்ன குடிமுழுகிப் போயிருக்கும்? சிவராத்திரியன்று சாமி முன்னால் நின்று கும்பிடவே இல்லை, முறைத்துக்கொண்டு நின்றேன். அதுவரை என்னை 'லூசு' என்று கூப்பிட்டவன் அதன் பிறகு 'என்னம்மா' என்றான். ஒரு தடவையாவது லூசு என்று சொல்லமாட்டானா என்று ஏங்கினேன்.

மறுவருடம் அவனுக்குப் பெண் அமைந்தது. அதையும் அந்தக் கடையில்தான் சொன்னான். "முடிச்சு போடத் தங்கச்சி இல்லயேன்னு அம்மாவுக்குக் கவலை. ஒன்னத்தான் கேக்கச் சொன்னாங்க. வருவியாம்மா?"

தாலியில் மாப்பிள்ளை ஒரு முடிச்சு போட்டதும் மற்ற இரண்டையும் அவன் தங்கை போடுவது வழக்கம். மாட்டேன் என்று சொல்ல என்னிடம் ஒரே ஒரு காரணம்தான் இருந்தது, அதை வாய்விட்டுச் சொல்ல முடியாது. "வாரேண்ணே" என்றேன். அவனை அண்ணன் என்று நான் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை.

மண்டபத்தில் பெண்ணுக்குப் பின்னால் குனிந்து நின்றேன். அவன் ஒரு முடிச்சு போட்டுவிட்டுக் கையை எடுத்தான். இரண்டாவது முடிச்சை ஒழுங்காகப் போட்டுவிட்டேன். மூன்றாவதில் கண்ணீர் மறைத்து, கயிறு விரலிலிருந்து நழுவியது. பக்கத்தில் நின்ற அவன் அம்மா என் தோளைத் தொட்டு, "நல்லா இறுக்கிப் போடு ஆத்தா, என்னைக்கும் அவுந்துறக் கூடாது" என்றார்.

இறுக்கிப் போட்டேன்.