கை கழுவுவதைப் பார்க்கும் வேலை

அடுத்தவர் கை கழுவுகிறாரா என்று உட்கார்ந்து பார்ப்பதற்கும் நம் ஊரில் முனைவர் பட்டம் கொடுக்கிறார்கள். அதற்குத்தான் நான் படித்துக்கொண்டிருக்கிறேன்.

மருத்துவமனைக்கு வரும்போது உடம்பில் இல்லாத கிருமி, அங்கே வந்து படுத்த பிறகு எப்படி ஏறுகிறது என்பது என் ஆய்வு. பெரும்பாலும் கை வழியாகத்தான். ஒரு நோயாளியைத் தொட்ட கை, கழுவாமல் அடுத்தவரைத் தொடுகிறது. எனவே தூத்துக்குடியில் ஒரு மருத்துவமனையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து யார் எப்போது கழுவினார், எப்போது கழுவவில்லை என்று குறிக்கிறேன். மருத்துவமனையின் பெயரைக் கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன் என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். தேர்வு அறையில் மேற்பார்வைக்கு நின்றவர்கள், பஸ்ஸில் டிக்கெட் பரிசோதிக்க ஏறியவர்கள், இப்படி யாராவது இதைப் படித்தால் நான் சொல்வது புரியும். நாம் நுழைந்ததும் ஓர் இடம் எப்படி வாயை மூடிக்கொள்ளும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

முதல் நாள்

கழுத்தில் 'தொற்றுத் தடுப்பு ஆய்வாளர்' என்று பெரிய எழுத்தில் அடித்த அட்டை. அதை மாட்டிக்கொண்டு ஆண்கள் வார்டில் போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான். சுவரில் மாட்டியிருந்த சானிடைசர் பாட்டில் முன்னால், கோயிலில் தீர்த்தம் வாங்க நிற்பதுபோல ஒரு வரிசை. பயிற்சி டாக்டர் ஒருவர், என் வயதுதான் இருக்கும், நோயாளியைத் தொடுவதற்கு முன் தேய்த்தார், தொட்ட பின் தேய்த்தார், போகிற போக்கில் ஜன்னல் கம்பியில் கை பட்டுவிட்டது என்று அதற்கும் தேய்த்தார்.

புது இடம், பேச ஒரு ஆள் கிடைத்தால் தேவலாம் என்று நான் சிரித்துப் பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. இரண்டு கைகளையும் என் முகத்துக்கு நேரே முன்னும் பின்னும் திருப்பிக் காட்டிவிட்டுக் கேட்டார்: "போதுமா மேடம், இல்ல இன்னும் கொஞ்சம் தேய்க்கணுமா?"

கேன்டீனில்

மதியம் கேன்டீனில் நர்ஸுகள் உட்கார்ந்திருந்த மேஜையில் ஓர் இடம் காலியாக இருந்தது. யார் மாமியார் யாரை என்ன சொன்னார் என்று கதை போய்க்கொண்டிருந்தது. நான் தட்டோடு போய் உட்கார்ந்ததும் கதை நின்றது. ஒருத்தி எழுந்து குழாயடிக்குப் போய்க் கை கழுவிவிட்டு வந்தாள். பார்த்துவிட்டு இன்னொருத்தியும் எழுந்தாள். சாப்பிட்டு முடிக்கப்போகிற நேரத்தில் எதற்கு என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

நான் இப்போது எதையும் குறிக்கவில்லை, எனக்கும் பசிக்கிறது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். விளக்க விளக்க மோசமானது. வார்டின் பொறுப்பு சிஸ்டர், திருச்செந்தூர் போகும் வழியில் கடற்கரை ஊர்க்காரர், நல்ல மனுஷி, அன்பாகத்தான் சொன்னார்: "நீங்க அந்த மேஜையில உக்காந்து சாப்பிடுங்க பிள்ளை, நாங்க சோத்தையாவது நிம்மதியாப் பிசையுதோம்."

தீர்ந்துபோகும் பொருள்

அந்தச் சுவர் பாட்டில் காலையிலேயே காலியாகிவிடும். பிறகு எல்லோரும் வந்து அதை அமுக்குவார்கள், காற்று வரும், அந்தக் காற்றைத் தேய்த்துக்கொண்டு போவார்கள். எனக்குக் கோபம் வந்துவிட்டது. அத்தனை கட்டிலுக்கும் ஒரே பாட்டிலை வைத்துவிட்டு நர்ஸைக் குறை சொல்ல எனக்கு வாய் வருமா? நேரே ஸ்டோருக்குப் போய், கட்டிலுக்கு ஒரு பாட்டில் ஏன் வைக்கக் கூடாது என்று கேட்டேன். ஒரு புண்ணில் கிருமி ஏறினால் அதற்குக் கொடுக்கிற ஆன்டிபயாடிக் எத்தனை பாட்டிலுக்குச் சமம் என்று கேட்டேன். அந்த மருந்தும் கேட்காமல் போனால் அப்புறம் எதைக் கொடுப்பீர்கள் என்றும் கேட்டேன்.

ஸ்டோர் அதிகாரி கடைசிவரை பொறுமையாகக் கேட்டார். என்னிடம் அந்த வாரம் அவ்வளவு நேரம் முகம் பார்த்துப் பேசியவர் அவர் ஒருவர்தான், அதற்காகவே அவரை மன்னிக்கலாம் போலிருந்தது. பிறகு பேனாவை மூடிவைத்துவிட்டுச் சொன்னார்: "அங்கங்க வச்சா எல்லாரும் எடுத்துத் தேச்சிருதாவம்மா, சீக்கிரம் தீந்துபோவுது."

ஆத்தூரிலிருந்து போன்

எங்கள் வீடு ஆத்தூரில். அப்பா வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கிறார். அம்மா தினமும் சாயங்காலம் போன் பண்ணுவாள். ஹாஸ்டல் ஜன்னலுக்கு வெளியே துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் ஓயாது. அவற்றின் இரைச்சலுக்கு மேலே கத்தித்தான் பேச வேண்டும். பல நாட்களில் அன்றைக்கு நான் வாய் திறப்பதே அப்போதுதான் என்பதால் தொண்டை முதலில் கரகரக்கும்.

அக்கம்பக்கத்தில் கேட்டார்களாம், பெண் ஆஸ்பத்திரியில் டாக்டரா நர்ஸா என்று. இரண்டும் இல்லை என்று தொடங்கி, கிருமி, கை, தடுப்பு என்று எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கவனமாகக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "அதெல்லாம் சரிளா, நான் நர்ஸுன்னே சொல்லிக்கிடுதேன்."

ரொம்ப நல்ல எண்கள்

முதல் மாதக் கணக்கை எடுத்துக்கொண்டு கல்லூரிக்குப் போனேன். என் ஆய்வு வழிகாட்டியை நாங்கள் மேடம் என்போம். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் பார்த்தார். உலகத்தில் எந்த மருத்துவமனையிலும் இவ்வளவு ஒழுங்காக யாரும் கை கழுவுவதில்லை, இது உன்னைப் பார்த்துக் கழுவியது, இதை வைத்து ஒன்றும் எழுத முடியாது என்றார்.

நான் உட்கார்ந்து பார்த்ததுதானே இது, பொய்யில்லையே என்று வாதாடினேன். பொய்யில்லை, ஆனால் உண்மையும் இல்லை என்றார். இனி என்னதான் செய்ய என்று கேட்டதற்கு, இதைவிட எளிதான காரியம் கிடையாது என்கிற முகத்தோடு சொன்னார்: "நீ பார்க்காதப்போ என்ன நடக்குதுன்னு போய்ப் பார்த்துட்டு வா."

சாத்துக்குடிப் பை

மருத்துவமனைத் தலைமையிடம் மட்டும் அனுமதி வாங்கினேன், ஊழியர்களுக்குச் சொல்லவில்லை. அட்டையைக் கழற்றிக் கைப்பைக்குள் போட்டேன். அதே வளாகத்தில், என் முகம் தெரியாத அறுவை சிகிச்சை வார்டுக்கு ஒரு பை சாத்துக்குடியோடு, நோயாளியைப் பார்க்க வந்தவளாக நுழைந்தேன். ஒரு கட்டிலருகே ஸ்டூல் காலியாக இருந்தது. கட்டிலில் சர்க்கரைப் புண்ணுக்குக் காலில் கட்டுப் போட்டு ஒரு அண்ணாச்சி. உடன்குடியில் பலசரக்குக் கடை வைத்திருப்பவர். அவர் கண்ணை மூடிக் கிடந்தார். மனைவி டீ வாங்கப் போயிருந்தார்.

கட்டு மாற்ற ஆள் வந்தார். கையுறை போட்டிருந்தார், உண்மைதான்; முந்தின கட்டிலில் போட்ட அதே கையுறை. அதே கையோடு அண்ணாச்சியின் புண்ணைத் திறந்தார். பார்ப்பவள் குறுக்கிடக் கூடாது என்பது ஆய்வின் விதி. நான் சாத்துக்குடிப் பையை இறுக்கிப் பிடித்தபடி இருந்தேன். அவர் போன பிறகு பின்னால் ஒரு குரல்: "எங்க வீட்டு ஆளுக்கு நீ என்ன முறை வேணும்ளா?"

அட்டை

அது அண்ணாச்சியின் மனைவி. முத்துக்கனி என்று வைத்துக்கொள்ளுங்கள். நான் அக்கா என்று கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். இத்தனை நாளில் யாரும் என்னை இவ்வளவு நேரம் கேள்வி கேட்டதில்லை. எனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவரும் சொன்னார். ஏற்கெனவே இரண்டு விரல்களை எடுத்தாயிற்று. வரும்போது இல்லாத ஒரு கிருமி இப்போது சீழ் பரிசோதனையில் வந்திருக்கிறது. வழக்கமாகக் கொடுக்கும் ஆன்டிபயாடிக் எதற்கும் அது அடங்கவில்லை. இன்னும் மேலே ஏறினால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அண்ணாச்சியோ கடையில் விடிந்ததிலிருந்து நின்றே யாவாரம் பார்க்கிறவர்.

முத்துக்கனி அக்கா டீயை ஆற்றியபடி யோசித்தார். அட்டையோட இருந்தா கழுவுதாவ, அட்டை இல்லாட்டிக் கழுவ மாட்டாவ, அப்படித்தானே என்று கேட்டார். அப்படித்தான் என்றேன். அட்டை இப்பம் எங்கன இருக்கு என்றார். கைப்பையைக் காட்டினேன். அவர் ஸ்டூலைக் கட்டிலுக்கு இன்னும் நெருக்கமாக இழுத்துப் போட்டார்: "அப்பம் அதை எடுத்து மாட்டிக்கிட்டு இங்கன உக்காரு."

வாதம்

மாட்டிக்கொண்டேன். மறுநாளே மேடத்துக்குச் செய்தி போய்விட்டது. ஒரு கட்டிலருகே உட்கார்ந்தால் அது ஆய்வு இல்லை, காவல் என்றார். கை வழியாகத்தான் கிருமி போகிறது என்று நிரூபிக்க, கிருமி போவதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமா என்று நான் கேட்டேன். ஒரு காலைக் காப்பாற்றலாம், ஆனால் உன் ஆய்வு சரியாக வந்தால் பல கால்களைக் காப்பாற்றலாமே என்றார். அந்தப் பல கால்களில் எதுவும் என் பக்கத்தில் கிடக்கவில்லையே என்றேன்.

நான் வாதத்தில் தோற்றுப் பழக்கமில்லாதவள். அன்றைக்கு ஜெயித்தேனா தோற்றேனா என்று இன்னும் தெரியவில்லை. மேடம் கோபப்படாமல் பேச்சை முடித்தார்: "சரி, அந்த வார்டை ஆய்விலிருந்து எடுத்துடு, அங்கே இனி எல்லாருக்கும் உன் முகம் தெரியும், உனக்கு இனி எந்த ஆஸ்பத்திரி மிச்சம் இருக்குன்னு நீயே யோசி."

இங்கன உக்காரு

தினமும் போனேன். ஆய்வுக்குக் கணக்கில்லாத நாட்கள். டாக்டர் தூரத்தில் வரும்போதே அக்கா சத்தமாகவே சொல்வார், "நிமிந்து உக்காருளா, வாரான் பாரு." நான் அட்டையை நேராக்குவேன். அவர்கள் கழுவுவார்கள், கையுறை மாற்றுவார்கள், என்னை முறைத்துவிட்டுப் போவார்கள். வார்டில் என்னோடு பேசுகிறவர் ஒருவர், முறைக்கிறவர் எல்லோரும். ஆனாலும் காலையில் எனக்காக ஒரு ஸ்டூலைத் துடைத்து வைத்திருக்கிறார்கள் என்று தெரிந்தே ஹாஸ்டலை விட்டுக் கிளம்புவது நன்றாகத்தான் இருந்தது.

அவருக்கு என்னைப் பிடித்திருக்கிறது என்று நானே நினைத்துக்கொண்டேன். ஒருநாள் காய்ச்சல், வர முடியாது, நாளைக்கு வருகிறேன் என்று போன் பண்ணினேன். கஷாயம் வைத்துக் குடி, படுத்து எழும்பு என்றெல்லாம் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். அக்கா கேட்டார்: "அந்த அட்டையை மட்டும் யார்கிட்டயாவது குடுத்து விட முடியுமாளா?"

தலையணைக்கு அடியில்

கடைசியாக எடுத்த சீழ் பரிசோதனையில் அந்தக் கிருமி இல்லை. புண் சிவந்து ஆறத் தொடங்கியிருந்தது. கால் தப்பியது. டிஸ்சார்ஜ் அன்று எனக்குக் கொண்டாட்டமாக இருந்திருக்க வேண்டும். நாளை காலை எங்கே போவது என்று யோசித்தபடிதான் வார்டுக்குள் நுழைந்தேன். அக்கா மருந்து வாங்கப் போயிருந்தார். இத்தனை நாளும் கூரையைப் பார்த்தபடி கிடந்த அண்ணாச்சி என்னைப் பக்கத்தில் வரச் சொல்லி, தலையணைக்கு அடியிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தார். கருப்பட்டித் துண்டுகள். ஊரிலிருந்து பார்க்க வந்தவர்கள் ரகசியமாகக் கொடுத்ததாம். மனைவி டீ வாங்கப் போகும்போதெல்லாம் ஒரு துண்டு வாயில் போடுவாராம். நான் வந்து உட்கார்ந்த பிறகு ஒன்றுகூடப் போட முடியவில்லையாம். அட்டையைப் பார்த்தால் பயமாக இருந்ததாம்.

அப்படியானால் ரத்தத்தில் சர்க்கரை அதனால் இறங்கியிருக்கும். புண்ணும் அதனால் ஆறியிருக்கலாம். கை கழுவியது காரணமா, கருப்பட்டி நின்றது காரணமா, இரண்டுமா? ஒரே ஒரு காலை வைத்துக்கொண்டு எந்த ஆய்வாளரும் பதில் சொல்ல முடியாது. அக்கா வரும் சத்தம் கேட்டதும் அண்ணாச்சி அதை என் கைப்பைக்குள் திணித்துவிட்டுக் குரலைத் தணித்தார்: "அவிய கை கழுவுனதால கால் தப்பிச்சிதுன்னே இருந்துட்டுப் போவட்டும், எங்க வீட்டுல இதைச் சொல்லிராத தாயி."

அடுத்த வாரம் என்னை யாருக்கும் தெரியாத வேறொரு மருத்துவமனையில் முதலிலிருந்து தொடங்குகிறேன். அங்கே கடைசி நாள்வரை ஒருவரும் என்னைத் தெரிந்துகொள்ளாமல் இருந்தால்தான் எனக்குப் பட்டம்.