புறா விரட்டும் பாட்டு

"நான் பாடினா அப்பா ஏன் ஜன்னலைச் சாத்துறாங்க?"

நான்கு வயது மகளின் இந்தக் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. குழந்தை கேட்டால் உடனே உண்மையைச் சொல்ல வேண்டும் என்று குழந்தை வளர்ப்புப் புத்தகத்தில் படித்திருக்கிறேன். எது உண்மை என்று அங்கே எழுதவில்லை.

என் கணவர் மலைப் பழங்குடியைச் சேர்ந்தவர். சிறுவயதிலேயே அடிவாரத்து விடுதிப் பள்ளியில் சேர்த்துவிட்டார்கள். அங்கே தமிழ் மட்டும்தான். சொந்த மொழியில் பேசினால் அன்று இரவுச் சோறு கிடையாது. "கண்டிப்பா இருந்ததாலதான் லண்டன் வரைக்கும் வந்தேன்" என்பார். நான் சமவெளிக்காரி. வீட்டில் தமிழ் பேசுகிறோம் என்று பெருமையாக இருந்தேன்.

அவருடைய அக்கா பள்ளிக்கூடம் போகவில்லை. அதனால் மொழி அவரிடம் இருக்கிறது. சனிக்கிழமைகளில் வீடியோவில் அழைப்பார். அக்கா அவர்கள் மொழியில் கேட்பார், தம்பி தமிழில் பதில் சொல்வார். "புரியுது. வாயில வரமாட்டேங்குது" என்பார் என்னிடம்.

நர்சரியில் வீட்டுமொழியில் ஒரு பாட்டு பாடச் சொன்னார்கள். நான் அக்காவிடம் கேட்டேன். ராகிக் கொல்லையில் பறவை விரட்டும் பாட்டைச் சொல்லிக்கொடுத்தார். நிறையக் கத்த வேண்டிய பாட்டு என்பதால் மகள் உடனே கற்றுக்கொண்டாள். லண்டன் மனோர் பார்க் பகுதியில் எங்கள் வீட்டுப் பின்தோட்டத்துப் புறாக்களிடம் பாடிப் பழகினாள். புறாக்கள் நகரவில்லை.

பக்கத்து வீட்டு யாழ்ப்பாணத்து ஆன்ட்டி வேலிக்கு மேல் எட்டிப் பார்த்தார். "பிள்ளை என்ன பாஷையிலை பாடுறா? நல்ல வடிவாயிருக்கு."

கணவர் வெளியே வந்தார். "தமிழ்தான் ஆன்ட்டி."

"எனக்குத் தெரியாத தமிழோ தம்பி? உங்கடை இந்தியாத் தமிழ் எனக்குப் பாதிதான் விளங்கும்."

ஆன்ட்டி சிரித்தார், கணவரும் சிரித்தார். மகளை உள்ளே அழைத்து வந்து பின்கதவைச் சாத்தினார், பிறகு எல்லா ஜன்னல்களையும். நல்ல வெயில் காலம்.

"யாருக்குங்க கேக்கப் போகுது?" என்றேன்.

"தெரியல. கை தானா போகுது."

நர்சரியில் மகளை அதற்குப் பதிலாகத் தமிழ் நிலாப் பாட்டு பாட வைத்தேன். எல்லோரும் கைதட்டினார்கள். கணவர் அதை வீடியோ எடுத்து அக்காவுக்கு அனுப்பினார். "என் பாட்டு எங்கே?" என்று அக்கா அழைத்துக் கேட்டார். "நெட் சரியில்லக்கா" என்று கணவர் போனை வைத்துவிட்டார்.

இப்போது மகள் புறாக்களைக் கிசுகிசுக் குரலில் விரட்டுகிறாள்.

அக்காவிடம் இன்னும் பாட்டுகள் இருக்கின்றன. மகளைக் கற்கச் சொன்னால் கணவர் முகம் மாறுகிறது. வேண்டாம் என்றால் விடுதிக்காரர்கள் தொடங்கியதை நானே முடித்துவைத்தது போலாகும். இப்படியொரு வீட்டில் வளர்ந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள்: வரும் சனிக்கிழமை அக்கா அழைத்தால் போனை மகள் கையில் கொடுக்கலாமா? கணவரும் வீட்டில்தான் இருப்பார்.