மெயின் ஸ்விட்ச்

கட்டிங் மாஸ்டர் கை வைத்தால் தப்பாது என்று அந்தத் தையல் கூடத்தில் இருபது வருடப் பேச்சு. நாற்பது அடுக்குத் துணியை ஒரே வெட்டில் வெட்டுவார். பிசகினால் நாற்பதும் போச்சு.

நேற்று பிசகியது. தையலுக்கு விட வேண்டிய அரை அங்குலத்தை விடாமல் வெட்டிவிட்டார். நாற்பது சட்டையும் அக்குளில் இறுக்கிப் பிடித்தன. தையலில் துணியை அதிகம் பிடித்துத் தைத்துவிட்டாள் என்று, கூடமே வேடிக்கை பார்க்க, தைத்த பெண்ணை முதலாளி வாங்கு வாங்கென்று வாங்கினார். மாஸ்டர் சாக்குக்கட்டியை உருட்டிக்கொண்டு வாயைத் திறக்காமல் நின்றார். ராத்திரி வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை.

இன்று காலை முதலாளி உள்ளே நுழைந்ததும் மாஸ்டர் நேராகப் போய் மெயின் ஸ்விட்சை அணைத்தார். முப்பது மிஷினும் நின்றன.

"அந்தச் சட்டையெல்லாம் கெடுத்தது நான்தான். தையலுக்குத் துணி விடாம வெட்டிட்டேன். தைச்ச தங்கச்சி மேல ஒரு தப்பும் இல்ல."

முதலாளி முகம் சுருங்கியது. "என்ன மாஸ்டர், ரூமுக்கு வந்து சொல்லக்கூடாதா?"

"அவளைத் திட்டினது எல்லார் முன்னாலயும்தானே? நானும் கேட்டுக்கிட்டுத்தானே நின்னேன்?" மாஸ்டர் ஸ்விட்சிலிருந்து கையை எடுக்கவில்லை. "நீங்களும் அவகிட்ட ஏதாவது சொல்லணும்னா இப்பவே சொல்லிடுங்க. அப்புறம் மிஷின் சத்தத்துல கேக்காது."